துளசி மாடத்து ஏரி மண்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை சுண்ணாம்பு மட்டையைத்தான் பிடித்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு எழுத்தும் சுவரில் அடிக்கிற மாதிரி பெரிதாக வந்து வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் சொல்லிவிடலாமே என்றால், எனக்கு நேரில் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

நான் எழுதப் போவது ஒரு கல்லூரி வாத்தியாரைப் பற்றி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். அம்பத்தூரில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் சொந்த வீடு. தினமும் மின்சார ரயிலில் பட்டணம் போய்ச் செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வருவார். அதிலும் அவருக்குப் பிடித்தது பாசி. சுவரிலும் கிணற்றிலும் பச்சையாகப் படிகிறதே, நாம் வழுக்கி விழுந்தால் திட்டுகிறோமே, அதே பாசிதான். அதைப் பற்றிப் பெரிய புத்தகமாக எழுதிக்கொடுத்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதருக்கு ஈரம் ஆகாது.

ஈரம் மட்டும் இல்லை, சேறு, சகதி, சாக்கடை, எச்சில், வேர்வை எதுவும் ஆகாது. ரயில் பெட்டியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரிப்பார். இறங்கும்போது அதை இரண்டு விரலால் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வார். மழை பெய்தால் கல்லூரிக்கு லீவு போட்டுவிடுவார். பாசி தளதளவென்று எழும்புவதே மழையில்தான். அந்த நேரத்தில் இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, போன வருடம் காயவைத்த பாசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீனைப் பற்றிப் படித்தவன் கடலைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அவரிடம் நான் சிக்கியது ஒரு பொங்கல் சமயம். எண்பத்து மூன்றோ நான்கோ. அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்கு முன்னால் பாசியைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது. கிணற்றின் உள்பக்கம் கயிறு கட்டி இறங்கித் தகட்டை வைத்ததுதான் தாமதம், மேலே இருந்து சத்தம்.

“ஏம்பா! நிறுத்து நிறுத்து! என்ன பண்ற?”

“பாசி சொரண்றேன் சார்.”

“அதைக் குப்பையில போடாதே. கொஞ்சம் மேல அனுப்பு. கையால தொடாம எடு.”

கையால் தொடாமல் பாசியை எடுப்பது எப்படி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. வாளியில் போட்டு மேலே அனுப்பினேன். அவர் அதை ஒரு குச்சியால் செய்தித்தாளுக்குத் தள்ளி, வெயிலில் வைத்து, ஈரம் போன பிறகுதான் கிட்டே வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. வெள்ளையடிக்க எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த மொட்டை மாடியைச் சுரண்டினாலும், ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டலம் மடித்து அவரிடம் கொண்டு போய்க் கொடுப்பேன். ஆவடி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டி, பூந்தமல்லி பழைய மதில் சுவர், மாங்காட்டில் ஒரு வீட்டுப் புறக்கடை என்று அலைந்தது நான். பொட்டலத்தின் மேல் இடமும் தேதியும் எழுதியது அவர். எடுத்தவர் என்கிற இடத்தில் தன் பெயரையே எழுதிக்கொள்வார். அது எனக்குத் தெரியும். அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு முறையும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “சுத்தமான இடத்துலதானே எடுத்தே?” என்பது. ஆமாம் என்பேன். எந்தப் பாசி ஐயா சுத்தமான இடத்தில் முளைத்திருக்கிறது?

அவர் வீட்டில் எனக்குத் தேநீர் உண்டு. மதில் மேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் குவளை கவிழ்த்து வைத்திருக்கும். நானே எடுத்து, நானே கழுவி, நானே கவிழ்க்க வேண்டும். ஊற்றும்போது அவர் மனைவியின் கை ஒரு முழம் உயரத்தில் இருக்கும். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் சார் வைத்ததுதான் சட்டம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கண் உண்டு. லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகும். பென்சிலைக் கூராகச் சீவி, கண்ணுக்கே தெரியாத இலையைப் பக்கம் முழுக்க வரைவார். ஒரு நாள் என்ன நினைத்தாரோ, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லென்ஸை என் கையில் கொடுக்கவில்லை. அவரே பிடித்துக்கொண்டார். நான் குனிந்து கண்ணை மட்டும் கொண்டுபோனேன். காய்ந்த சுவர்ப்பாசி பீடி இலை மாதிரி சுருண்டு கறுத்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். செத்தது போலக் கிடந்தது என் கண் முன்னாலேயே புரண்டு, கையை நீட்டி, பச்சையாக விரிந்தது. இருபது வருடமாக இதையா தகட்டால் வழித்துப் போட்டேன் என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“பார்த்தியா?” என்றார்.

“சூப்பரா கீது சார்.”

“சரி, தள்ளிப் போ. மூச்சு படுது.”

அந்த மனிதர் தருகிற எதுவும் இப்படித்தான் வரும். ஒரு கையால் தந்து மறு கையால் தட்டிவிடுவார்.

எனக்கும் கண் பழகிவிட்டது. கிணற்று உறையில் இருப்பது கோழி இறகு மாதிரி இரண்டு பக்கமும் இலை விட்டது. சுவரில் இருப்பது கொத்துக் கொத்தாக நிற்பது. ஏரிச் சேற்றில் முளைப்பவை வேறு குடும்பம். அவற்றுக்கு அவர் சொன்ன பெயர்களை நான் எழுதினால் தப்பாகத்தான் வரும், விட்டுவிடுகிறேன். நான் அவற்றைப் பங்காளிகள் என்று வைத்துக்கொண்டேன். பெரியவனுக்கு மயிர் மாதிரி நீளக் காம்பு, அதன் நுனியில் கிண்ணம் போல ஒரு காய், காய்க்கு மூடி. அடுத்தவனுக்குக் காம்பு கட்டை, ஆனால் காயும் மூடியும் உண்டு. இரண்டு பேரையும் பார்த்துப் பழகியதால்தான் மூன்றாவது ஆள் வேறு என்று எனக்குத் தெரிந்தது.

அதைக் கண்டுபிடித்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் குடியிருப்பது அயனம்பாக்கம். அப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடிந்தால் ஏரிக்கரைதான். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரி, தை மாதம் கொஞ்சம் உள்வாங்கும். தண்ணீர் விலகிய இடத்தில் சேறு பளபளவென்று இருக்கும். அங்கே ஒரு காலையில் குந்தியிருந்தபோது, காலுக்கு எதிரே பச்சைப் பொடி தூவினது போல இருந்தது. வேறு வேலை இல்லாத நேரம் அது, உற்றுப் பார்த்தேன். ஒரு கடுகு உயரம்தான் இருக்கும். நாலைந்து இலை, நடுவில் கூட்டில் முட்டை வைத்தது போல ஒரு உருண்டைக் காய். காம்பே இல்லை. காய்க்கு மூடியும் இல்லை.

தீப்பெட்டியைக் காலி செய்து, மண்ணோடு பெயர்த்து வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அம்பத்தூர் போனேன். சார் குனிந்து லென்ஸில் பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“எங்கே எடுத்தே இதை?”

“ஏரிக்கரைல சார்.”

“கரைன்னா எந்தப் பக்கம்?”

“நாங்க காலைல போற பக்கம் சார்.”

“எங்கே போற?”

நான் என்ன பதில் சொல்வது? அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை ஒரு தள்ளு தள்ளி எழுந்து போய், குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்தார். தீப்பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் போய்க் கழுவினார். பெற்ற பிள்ளை சாக்கடையில் விழுந்துவிட்டால் ஒரு மனிதன் எப்படித் தவிப்பானோ அப்படித் தவித்தார், ஆனால் கையை மட்டும் நீட்டவில்லை.

மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். அது இந்த உலகத்தில் யாருமே எழுதி வைக்காத பாசியாக இருக்கலாம் என்றார். இலை ஓரத்தில் பங்காளிகளுக்கு இல்லாத ஒரு பல் இருக்கிறதாம். தண்ணீர் வற்றிச் சேறு வெடிப்பதற்குள் முளைத்து, காய்த்து, மடிந்துபோகுமாம். மூடி இல்லாததால் காய் அழுகினால்தான் உள்ளே இருக்கிற விதை வெளியே வருமாம்.

“எங்க அம்மா பேரை வைக்கப் போறேன்” என்றார்.

அவருடைய தாயார் முந்திய வருடம்தான் இறந்துபோயிருந்தார்கள். சொல்லும்போது குரல் தழைந்தது. எனக்கும் மனசு இளகியது. அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே என்று நினைத்தேன். அடுத்த வார்த்தையிலேயே அதைக் கெடுத்தார்.

“அந்த அசிங்கத்துலேர்ந்து வந்ததுன்னு எப்படி எழுதறது? அம்மா பேருப்பா. இங்கே நம்ம துளசி மாடத்தடியில எடுத்ததா எழுதி அனுப்பிட்டேன்.”

பொட்டலத்தைக் காட்டினார். அவர் வீட்டு விலாசம். துளசி மாடத்தடி ஈரமண். எடுத்தவர் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. என் பெயர் இல்லாதது கூடப் பழகிப்போனது. அந்தப் பாசியின் ஊர் இல்லாமல் போனதுதான் சங்கடமாக இருந்தது. என் அம்மா தன் ஆயுள் முழுக்க அதே கரைக்குத்தான் விடிகாலையில் போய் வந்தாள். அவள் பெயரை அந்த மண்ணுக்கு வைத்தால் எனக்கு ஒரு குறைவும் தெரியாது. இவர் அம்மா மட்டும் எதிலிருந்து வந்தார்களாம்? இதையெல்லாம் மனசுக்குள் சொன்னேன். வாயால் சொன்னது, “சரி சார்.”

அடுத்த தை வந்தது. அவர் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, வெளியூரில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு அம்மா கடிதம் போட்டார்கள். பாசியில் அவர்கள் சொன்னால்தான் செல்லுமாம். பாசி வேறுதான் போலிருக்கிறது, ஆனால் நேரில் வந்து அது முளைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்கள். வருகிற நாளும் குறித்திருந்தார்கள்.

சார் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வாசலிலேயே நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசினார்.

“அந்த மண்ணு கொஞ்சம் கொண்டு வரணும்.”

“எதுக்கு சார்?”

“மாடத்தைச் சுத்திப் பதிச்சு வைக்கணும். பாளம் பாளமா, உடையாம. அங்கேயே முளைச்ச மாதிரி இருக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏம்பா, அந்த மண்ணைக் கழுவி எடுத்துட்டு வர முடியுமா?”

“மண்ண கழுவுனா மண்ணே இருக்காது சார்.”

“அப்போ ஒரு கொதி... வேண்டாம், செடி செத்துடும்.” அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை ஏரியில் கொத்தனார் கரண்டியால் பாளம் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு ஆள் ஒருவன் சொம்போடு போனவன் நின்றுவிட்டான்.

“இன்னா மாமே, அத்தப் போயி அள்ளிக்கினு கீற? ஊட்ல அரிசி இல்லியா?”

“அம்பத்தூர்ல ஒரு சார் கேட்டார்பா.”

“அவுரு ஊட்லயே அவுரு போவ மாட்டாரா? நம்ம ஊட்டுது வோணுமாமா?”

அவன் சிரித்துக்கொண்டே போனான். என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்புச் சட்டியில் பாளங்களை அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“யோவ், ஒனக்கு இன்னா தலயெழுத்து? டீ குட்ச்சா டம்ளர மதிலு மேல வெக்கிறான். இப்ப நம்ம பீ மண்ணு அவன் சாமி கும்புட்ற எடத்துக்குப் போவுதா?”

“ஒரு வாரம்தான். ஒரு அம்மா பாக்க வராங்களாம்.”

“அந்தம்மா கேட்டா நீ இன்னா சொல்லுவ?”

“என்ன ஏன் கேக்கப் போறாங்க?”

“கேட்டா?”

நான் சைக்கிளைத் தள்ளினேன்.

இரண்டு நடை ஆயிற்று. துளசி மாடம் பின்கட்டு முற்றத்தில் இருந்தது. சார் கதவுக்குப் பின்னால் நின்று, கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்ல, பாளங்களைச் சுற்றிலும் பதித்தேன். “அந்தப் பக்கம் தள்ளு. மாடத்து மேல படப்போறது, பார்த்து, பார்த்து!” அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். “இங்கே நான் எப்படி விளக்கேத்தறது?” அந்த வாரம் முழுக்க மாடத்தில் விளக்கு எரியவில்லை.

பதிக்கும்போது ஒரு பாளத்தில் பன்றிக்குட்டியின் குளம்பு அச்சு தெளிவாக இருந்ததைப் பார்த்தேன். இரண்டு விரல் மாதிரி, ஆழமாக. கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தால் போயிருக்கும். நான் தேய்க்கவில்லை. மாடத்துக்கு நேர் முன்னால், வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து அந்தப் பாளத்தை வைத்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க நான் போக வேண்டியிருந்தது. அதனால் அந்த அம்மா வந்த அன்றும் அங்கே இருந்தேன். ஐம்பது வயசு இருக்கும். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிற்றில் கோத்த லென்ஸ். வந்ததும் காப்பி கூட வேண்டாம் என்று சொல்லி முற்றத்துக்கு வந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலைச் சேற்றில் ஊன்றி, முழங்கையையும் ஊன்றி, முகம் மண்ணில் படுகிற மாதிரிக் குனிந்தார்கள். சார் பதறிப் போய் ஒரு பாயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதை அவர்கள் கவனிக்கவே இல்லை.

“இருக்கு!” என்றார்கள். “ஐயோ, எவ்வளவு அழகு! சார், இருக்கு!”

சார் மூச்சை விட்டார். முகத்தில் ரத்தம் வந்தது. “எங்க அம்மா தினமும் தண்ணி ஊத்தின இடம் மேடம்” என்றார். பொய் சொல்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் நீர் கூட நின்றது.

அந்த அம்மா லென்ஸோடு மெதுவாக நகர்ந்துகொண்டே வந்தார்கள். ஒரு சின்ன ஏரி நத்தை ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். இன்னொன்று கிடைத்தது. அதையும் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு குளம்பு அச்சுக்கு வந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள்.

“சார், உங்க துளசி மாடத்துக்குப் பன்னிக்குட்டி வருமா?”

அந்த அம்மா பாளத்தின் ஓரத்தை விரலால் நெம்பினார்கள். அது அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் வீட்டு முற்றத்துச் செம்மண் தெரிந்தது.

“இது ஏரி மண்ணு. எந்த ஏரி?”

அப்போதுதான் சார் என் பக்கம் திரும்பினார். ஆறு வருடப் பழக்கத்தில் என்னை அவர் அவ்வளவு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இவன்தான் மேடம். இவன்தான் இந்தப் பாசியை எங்கிட்ட கொண்டு வந்து, உங்க மாடத்தடியில எடுத்தேன்னு சொன்னான். நான் நம்பிட்டேன். இப்போ மாட்டிப்போம்னு பயந்து மண்ணைக் கொண்டு வந்து கொட்டியிருக்கான். இந்த மாதிரி ஆளுங்களை வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு.”

கோர்வையாகச் சொன்னார். பாடம் நடத்திப் பழகியவர்.

அந்த அம்மா எழுந்து, கைச் சேற்றைத் துடைக்காமல் என் முன்னால் வந்து நின்றார்கள். கோபமே இல்லை. “நீங்க சொல்லுங்க. எங்கே எடுத்தீங்க? நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த இடம்தான் எனக்கு வேணும். நாளைக்குக் காலையில கூட வரேன், காட்டறீங்களா?”

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரே ஒரு வார்த்தை, எங்கள் ஊர் ஏரியின் பெயர். அதைச் சொன்னால் போதும். சார் பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலில் அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தத் தெருவில் பதினான்கு வீட்டுக்கு நான் வெள்ளையடிக்கிறேன். இதெல்லாம் காரணம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்கிற கூச்சமும் சேர்ந்துகொண்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, “தெர்லமா” என்றேன்.

அந்த அம்மா சார் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். “செடி புதுசுதான். ஆனா இடம் தெரியாத செடிக்கு என்னால பேர் வைக்க முடியாது. உங்க அம்மா பேரை எடுத்துடுங்க.”

அவர்கள் போன பிறகு சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் மதித்திருப்பேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. சுத்தமா” என்றார். நான் அள்ளினேன். வெளியே வரும்போது பினாயில் வாடை அடித்தது.

சேற்றைக் கொண்டு வந்து வாத்தியாரை ஏமாற்றியவன் என்று அந்தத் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பதினான்கு வீடும் போயிற்று. சாருக்குப் பட்டம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. வீட்டுக்காரி மட்டும் அடிக்கடி கேட்பாள். “அந்தம்மா ஒன்ன கேட்டாங்களா இல்லியா? நான் சொன்னனா இல்லியா?”

ஐந்தாறு வருடம் கழித்து அம்பத்தூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பெஞ்சில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே எழுந்து வந்தார். இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“அது இன்னும் இருக்கா?”

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தை மாதமும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“கீது சார். போன வாரம் கூட பாத்தேன். இப்பவே வரீங்களா, சைக்கிள் கீது. கண்ணால பாத்துட்டு அந்தம்மாவுக்கு நீங்களே ஒரு காயிதம் போட்ருங்க. இந்த எடம்தான்னு எழுதுனா போதும். உங்க அம்மா பேர வெப்பாங்க சார்.”

அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். என் மேல் சொன்ன பழியைக் கூட விட்டுவிடத் தயாராக இருந்தேன். அவர் யோசித்தார், அது நிச்சயம். உதடு அசைந்தது. பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பளபளவென்று துடைத்த செருப்பு.

“அங்கே எல்லாம் எப்படிப்பா வரது?” என்றார்.

ரயில் வந்தது. கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அம்மாவின் பெயர் ஒரு பக்கம், கால் நனைவது ஒரு பக்கம் என்று வைத்தால் கால் நனையக் கூடாது என்று முடிவு செய்கிற மனிதர். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. கோபப்படவும் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

இப்போது ஏரிக்கரையில் லாரியில் மண் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். கல் நட்டு மனை போடுகிறார்கள். பாதிக்கு மேல் மூடியாயிற்று. இன்று காலை போய்ப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் முப்பது முழம் மிச்சம் இருக்கிறது. அதில் பச்சைப் பொடி தூவினது போல இருந்தது. காயும் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரியிடம் பேனா வாங்கி வரச் சொல்லி, உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் தெரியாது என்று சொன்னது பொய். எனக்குத் தெரியும். அயனம்பாக்கம் ஏரி, மேற்குக் கரை, மதகிலிருந்து வடக்கே போனால் பன்றிகள் புரளும் சேறு, ஊர் ஜனங்கள் காலையில் ஒதுங்குகிற இடம். தை மாதம் வந்தால் பார்க்கலாம். அங்கேதான் எடுத்தேன். எடுத்தது நான்தான்.

8-2-1998, ஞாயிற்றுக்கிழமை.